இரண்டு கியர் பாக்ஸ்களைத் தின்ற ஒரு ரேடியேட்டர்

2023 மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமைக் காலை, கல்லூரிக்குப் புறப்படுவதற்காக வண்டியை எடுத்து ரிவர்ஸில் போட்டேன். மூன்று விநாடி அசையாமல் நின்றுவிட்டு, பின்பு யாரோ முன்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல ஒரு குலுக்கலுடன் அது பின்னால் நகர்ந்தது. அன்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டிக்கு வயது பதினான்கு, காலைக் குளிரில் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மூன்று விநாடியின் பொருள் எனக்கு அப்போதே தெரிந்திருந்தால், அதன்பின் வந்த ஏழு மாத அலைச்சலும், என் கையைவிட்டுப் போன 1,85,110 ரூபாயில் பெரும்பகுதியும் மிஞ்சியிருக்கும். பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள், குறிப்பாக என்னைப்போல் தனியாகவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள், இதே வழியில் போய்ச் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வண்டி, 2009இல் தயாரான ஒரு பெட்ரோல் செடான். நான்கு கியர் கொண்ட, டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக். 2017இல் 3,10,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அப்போது 62,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இரு சக்கர வண்டியிலிருந்து விழுந்ததில் என் இடது முழங்காலின் தசைநார் கிழிந்து அறுவை செய்யப்பட்டிருந்ததால், கிளட்ச் மிதிக்கும் வண்டியை ஓட்ட மருத்துவர் அனுமதிக்கவில்லை. நான் கோவையில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன், அம்மா குன்னூரில் தனியாக இருக்கிறார். பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி அவரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஆகவே ஆட்டோமேட்டிக் எனக்கு வசதிக்காக வாங்கிய பொருள் அன்று. அது இல்லாவிட்டால் நான் வண்டியே ஓட்ட முடியாது.

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது என்பதை எனக்கு யாரும் முதலில் சொல்லவில்லை. எனவே அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிராக வைத்து ஒன்றை ஓடவிட்டால், அதன் காற்று மற்றதையும் சுழற்றுவதுபோல, அங்கே ஆயில்தான் சக்தியைக் கடத்துகிறது. ஓரளவு வேகம் வந்ததும் உள்ளே இருக்கும் லாக்கப் கிளட்ச் இரு பக்கத்தையும் பிணைத்துவிடும். கியர் பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் ஆயிலின் அழுத்தமே. எந்தப் பிளேட்டை எப்போது பிடிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்ல, சோலனாய்டுகள் (மின்சாரத்தில் இயங்கும் சிறு வால்வுகள்) வால்வ் பாடி என்ற ஆயில் வழிகளின் தொகுதிக்குள் ஆயிலைத் திருப்பிவிடுகின்றன. சக்தியைக் கடத்துவது, அழுத்துவது, மசகாக இருப்பது, சூட்டை வெளியே கொண்டுபோவது ஆகிய நான்கு வேலைகளையும் அந்த ஒரே ஆயில் செய்கிறது. அதனால் ஆட்டோமேட்டிக்கில் என்ன கோளாறு வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஆயிலைத்தான். என் வண்டியைத் தொட்ட முதல் மூன்று இடங்களில் ஒருவர்கூட அதை முறையாகப் பார்க்கவில்லை என்பதுதான் இந்தக் கதை முழுவதும்.

ஜூன் மாதத்தில் இரண்டாவது அறிகுறி வந்தது. மணிக்கு 55 முதல் 65 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துச் சீராகப் போகும்போது மட்டும், சாலையில் குறுக்கே போடப்பட்ட வெள்ளைக் கோடுகளின் மீது ஏறிப் போவதுபோல வண்டி முழுவதும் நடுங்கியது. அழுத்தி மிதித்தால் நடுக்கம் நின்றுவிடும். வீட்டுக்கு அருகிலிருந்த ஒர்க் ஷாப்பில் காட்டினேன். தெருவுக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்ஜின் மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சீராக எரியவில்லை என்றார்கள். நான்கு ஸ்பார்க் பிளக், இரண்டு இக்னிஷன் காயில், இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுன்ட் ஒன்று ஆகியவற்றை மாற்றி 11,400 ரூபாய் வாங்கினார்கள். நடுக்கம் அப்படியே இருந்தது. மீண்டும் போய்க் கேட்டபோது, "வீட்ல சார் இருந்தா வரச் சொல்லுங்க மேடம், அவர்கிட்ட பேசிக்கறோம்" என்றார் அங்கிருந்தவர். எனக்கு நாற்பத்தாறு வயது. இருபது ஆண்டுகளாக என் சம்பளத்தில் என் வீட்டை நடத்துகிறேன். அந்த ஒரு சொல்லில் என் முகம் சூடேறியதும், பதில் சொல்ல முடியாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்ததும் இன்னும் நினைவில் இருக்கின்றன. கேட்கத் தெரியாததால்தான் பேசாமல் வந்தேன் என்று இப்போது புரிகிறது.

இன்ஜின் மிஸ்ஸிங்கையும் லாக்கப் கிளட்சின் நடுக்கத்தையும் பிரித்தறிய ஒரு எளிய சோதனை உண்டு. அது மிகவும் பிந்தித்தான் எனக்குத் தெரிய வந்தது. ஆளில்லாத, நேரான சாலையில், பின்னால் வண்டி எதுவும் இல்லாதபோது, நடுக்கம் வரும் அதே வேகத்தில் ஆக்சிலரேட்டரை மாற்றாமல், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடது காலால் பிரேக் பெடலைத் தொட வேண்டும். பிரேக் விளக்கு எரிந்ததும் கம்ப்யூட்டர் லாக்கப்பை விடுவித்துவிடும். அந்தக் கணமே நடுக்கம் நின்றால் கோளாறு டார்க் கன்வெர்ட்டர் பக்கம். நிற்காவிட்டால் இன்ஜின் பக்கம் தேடலாம். பின்னாளில் நீலாம்பூர்–மதுக்கரை புறவழிச்சாலையில் ஒரு ஞாயிறு விடியற்காலையில் நான் இதைச் செய்து பார்த்தேன். பெடலைத் தொட்டதும் நடுக்கம் சட்டென்று அடங்கியது. செலவில்லாமல் பத்து விநாடியில் முடிந்த அந்தச் சோதனையை முதலிலேயே யாராவது செய்திருந்தால் பிளக்கும் காயிலும் மாற்றியிருக்க வேண்டாம். மவுன்ட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தேய்ந்த இன்ஜின் மவுன்ட் கியர் விழும்போது 'டக்' என்று ஒரு குலுக்கலைத் தரும். அதைப் பார்த்து நல்ல கியர் பாக்ஸைக் கழற்றியவர்களும் உண்டு. ஆனால் மவுன்ட் தேய்ந்தால் குலுக்கல்தான் வரும், தாமதம் வராது. என் வண்டியில் தாமதமும் இருந்தது.

ஜூலையில், இனி தெருவோர ஒர்க் ஷாப் வேண்டாம் என்று அந்த வண்டிக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்துக்குப் போனேன். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டுப் பார்க்க 2,360 ரூபாய். பி0741 என்ற கோடு (கோளாறுக் குறியீட்டு எண்) வந்திருப்பதாகவும், டார்க் கன்வெர்ட்டரின் லாக்கப் வேலை செய்யவில்லை என்பது அதன் பொருள் என்றும், கியர் பாக்ஸை முழுதாக மாற்றுவதே வழி என்றும் சொல்லி 2,85,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். வண்டியை விற்றால்கூட அவ்வளவு வராது. நான் திகைத்து நின்றதைப் பார்த்து, "ஆயில் மட்டும் மாத்திப் பாக்கலாம்" என்று சொல்லி, 5,800 ரூபாய்க்கு மாற்றித் தந்தார்கள். பத்து நாள் வண்டி அருமையாக ஓடியது, பிறகு பழைய நிலைமைக்கே வந்தது. இந்தப் பத்து நாள் நிம்மதிதான் ஒரு பெரிய துப்பு என்பதை அங்கே யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆயிலை மாற்றியதும் சரியாகி, சில நாளில் மீண்டும் கெட்டால், ஆயிலுக்குள் வேறு ஏதோ வந்து கலக்கிறது என்று சந்தேகித்திருக்க வேண்டும்.

ஸ்கேனர் கோடைப் பற்றி நான் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோடு என்பது எந்தப் பகுதியில் தவறு தெரிகிறது என்று சொல்லும். ஏன் தவறு என்று சொல்லாது. பி0700 என்றால் கியர் பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ பதிவு செய்திருக்கிறது என்ற அறிவிப்பு மட்டுமே, அதற்குப் பின்னால் இன்னொரு கோடு இருக்கும். பி0715, பி0720 போன்றவை வேக சென்சார்களைப் பற்றியவை. அவை சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடக்கூடிய கோளாறுகள். பி0730 வந்தால் கியர் வழுக்குகிறது என்று பொருள். இணையத்தில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனர்களில் பல, இன்ஜின் கம்ப்யூட்டரை மட்டுமே படிக்கும்; கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரைத் தொடாது. ஆகவே அதில் ஒன்றும் வரவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். எங்கே ஸ்கேன் செய்தாலும், கோடுகளை அழிப்பதற்கு முன் திரையைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். நான் படமெடுக்கவில்லை, அவர்களும் அச்சிட்டுத் தரவில்லை. அடுத்த இடத்துக்குப் போனபோது என்னிடம் காட்ட எதுவும் இல்லை.

ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டு குன்னூருக்குப் புறப்பட்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகளில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். பலவீனமான கியர் பாக்ஸுக்கு அதைவிடக் கடுமையான சோதனை வேறில்லை. இன்று யோசித்தால், நடுங்கிக்கொண்டிருந்த வண்டியை அந்த மலைக்கு எடுத்துப்போனது என் தவறுதான். கல்லாறு தாண்டி பர்லியாறுக்கு முன்னால் ஒரு வளைவில், மிதித்தால் இன்ஜின் மட்டும் சீறியது, வண்டி ஏறவில்லை. கருகிய வாசனை உள்ளே வந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. பின்னால் அரசுப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. எப்படியோ பின்னோக்கி உருட்டி ஓரத்தில் ஒதுக்கினேன். ஒரு ஜீப் ஓட்டுநர் இறங்கி வந்து, கயிறு கட்டிக் கல்லாறு வரை இழுத்துவிடுகிறேன் என்று அன்பாகத்தான் சொன்னார். இன்ஜின் ஓடாமல் பிரேக் பிடிக்காதே என்ற பயத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பயம் இன்னொரு விதத்திலும் நல்லதாயிற்று. ஆட்டோமேட்டிக்கின் ஆயில் பம்பை இன்ஜின்தான் சுழற்றுகிறது. இன்ஜின் நின்ற நிலையில் ஓட்டுச் சக்கரங்கள் (இன்ஜின் சுழற்றும் சக்கரங்கள்) தரையில் உருண்டால், உள்ளே மசகே இல்லாமல் எல்லாம் உராயும். முன்சக்கர ஓட்டு வண்டியானால் முன்சக்கரங்களைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும். முழு வண்டியையும் ஏற்றிப் போகும் ரெக்கவரி லாரி இன்னும் நல்லது. நான்கு மணி நேரம் காத்திருந்து, 6,500 ரூபாய் கொடுத்து அப்படித்தான் கொண்டுவந்தேன். அம்மாவுக்கு அன்று மாத்திரை போய்ச் சேரவில்லை. அவரிடம் கல்லூரியில் கூட்டம் என்று பொய் சொன்னேன்.

மூன்றாவதாகப் போன இடம், ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் மட்டுமே பார்ப்பவர் என்று பலரும் சொன்ன ஒரு மெக்கானிக்கிடம். கியர் பாக்ஸின் அடியிலுள்ள ஆயில் தட்டைக் கழற்றி, அடியில் படிந்திருந்த கரிய துகள்களைக் காட்டி, கிளட்ச் பிளேட்டுகள் கருகிவிட்டன என்றார், அது உண்மைதான். சென்னை புதுப்பேட்டையில் இதே மாடலின் பழைய கியர் பாக்ஸ் கிடைக்கும், பிரித்துச் செய்வதைவிட அது மலிவு என்றார். கியர் பாக்ஸ் 48,000, லாரி பார்சல் 1,800, ஏற்றி இறக்கும் கூலி 16,000, ஏழு லிட்டர் ஆயில் 5,250 என மொத்தம் 71,050 ரூபாய். வடிந்த ஆயில் கலங்கலாக, வெளிர் சிவப்பாக இருந்ததை நானே பார்த்தேன். கேட்டதற்கு, பழைய ஆயில் அப்படித்தான் இருக்கும் என்றார். பழைய ஆயில் அப்படி இருக்காது என்பதை இப்போது உறுதியாகச் சொல்கிறேன். நல்ல ஆயில் கண்ணாடி போன்ற சிவப்பு. முதிர்ந்தால் செம்பழுப்பாகும். சூட்டில் கெட்டால் கறுத்து, கருகிய வாசனை அடிக்கும். கலங்கி, நுரைத்து, பால் கலந்ததுபோல இருந்தால் அது முதுமை அல்ல, தண்ணீர்.

புதுப்பேட்டையில் வாங்கும் பழைய பாகத்துக்குப் பொதுவாக 'டெஸ்டிங் கேரன்டி' மட்டுமே உண்டு. பொருத்தி ஓடவில்லை என்றால் மாற்றித் தருவார்கள், ஓடிய பிறகு வரும் கோளாறுக்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சந்தை நடக்கும் முறையே அதுதான். ஐந்து வாரம், 1,100 கிலோமீட்டர் வண்டி நன்றாக ஓடியது. செப்டம்பர் இறுதியில் ஒரு காலை, ரிவர்ஸில் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிய பிறகுதான் நகர்ந்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து நான் அழுதேன் என்பதை எழுத எனக்குத் தயக்கமில்லை. அதுவரை ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் செலவாகியிருந்தது, அதில் பாதி கல்லூரிக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடன். மெக்கானிக், வந்த பாக்ஸும் பழுதானது, இன்னொன்று வரவழைக்கலாம் என்றார். பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வண்டியை 60,000 ரூபாய்க்குக் கேட்டார். நான் தலையாட்டிவிடும் நிலையில்தான் இருந்தேன்.

என் துறையில் உதவியாளராக இருக்கும் அக்கா ஒருவர்தான், போத்தனூர்ப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார், போய்க் கேட்டுவிட்டாவது வாருங்கள் என்றார். சின்னப் பட்டறை, இரண்டு வண்டி நிற்கத்தான் இடம். பெரியவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. இன்ஜினைச் சூடாகும்வரை ஓடவிட்டார். பிரேக்கை மிதித்தபடி லீவரை பி, ஆர், என், டி (பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ்) என ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தி மீண்டும் பி-க்குக் கொண்டுவரச் சொன்னார். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவி ஒரு வெள்ளை வேட்டித் துண்டில் துடைத்தார். பிறகு வண்டி ஆறும்வரை டீ குடிக்கச் சொன்னார். நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, மூடியின் அடிப்புறத்தை விரலால் வழித்தார். துண்டில் இருந்ததும் விரலில் இருந்ததும் ஒரே நிறம். கடையில் விற்கும் ரோஸ்மில்க் நிறம். "ஆயில்ல தண்ணி கலக்குதுங்கம்மா. பாக்ஸ் மேல தப்பில்லைங்க. ரேடியேட்டர் உள்ள இருக்கற கூலர் ஓட்டையாயிருக்கு. இத மாத்தாம எத்தன பாக்ஸ் போட்டாலும் நிக்காதுங்க" என்றார். அடுத்த நாள் ரேடியேட்டரைக் கழற்றி, கூலன்ட் (இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம்) ஓடும் பக்கத்தில் தண்ணீர் நிரப்பி, ஆயில் கூலரின் ஒரு குழாயை அடைத்து மறு குழாயில் கம்ப்ரசர் காற்றை விட்டார். ரேடியேட்டர் வாயில் குமிழிகள் வந்தன. நாலு மாதம் நான் தேடிய விடை அந்தக் குமிழிகளில் இருந்தது.

இந்த வகை வண்டிகளில் கியர் பாக்ஸ் ஆயிலைக் குளிரவைக்கும் கூலர், ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே கூலன்ட்டில் மூழ்கியபடி இருக்கும். அதன் உலோகச் சுவர் அரித்து ஓட்டையானால் இரண்டும் கலக்கும். வண்டி ஓடும்போது பெரும்பாலும் ஆயிலின் அழுத்தம் அதிகம், அதனால் ஆயில் கூலன்ட்டுக்குள் போகிறது. இன்ஜினை நிறுத்தியதும் ஆயிலின் அழுத்தம் உடனே இறங்கிவிடும். சூடான ரேடியேட்டரின் அழுத்தம் அதற்குப் பிறகும் வெகுநேரம் இருக்கும். அப்போது கூலன்ட் கியர் பாக்ஸுக்குள் இறங்கும். கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பரப்பு காகிதநார் போன்ற பொருளைப் பசைகொண்டு ஒட்டியது. தண்ணீர் பட்டால் அது ஊறி, பசை விட்டு, உரிந்துவிடும். முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் லாக்கப் கிளட்ச். 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்த நடுக்கம் அதன் அடையாளம். மூன்றாவது மெக்கானிக் கியர் பாக்ஸை மாற்றினார், ரேடியேட்டரை மாற்றவில்லை. ஆகவே ஐந்து வாரத்தில் இரண்டாவது பாக்ஸும் அதே தண்ணீரைக் குடித்தது.

கூலர் ஏன் அரித்தது என்று கேட்டேன். "ரேடியேட்டர்ல என்ன தண்ணி ஊத்துனீங்க?" என்று திருப்பிக் கேட்டார். எங்கள் குடியிருப்பில் சிறுவாணித் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். மற்ற நாளெல்லாம் போர்வெல் உப்புத் தண்ணீர். கூலன்ட் அளவு குறையும்போதெல்லாம் அந்த உப்புத் தண்ணீரைத்தான் மூன்று ஆண்டுகளாக ஊற்றியிருந்தேன். அதிலுள்ள உப்பு உலோகத்தை அரிக்கும், சுண்ணாம்பு படியும். கூலன்ட்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்தும் தண்ணீர் சேரச் சேர நீர்த்துப்போகும். கூலன்ட் குறைந்துகொண்டே வந்ததுகூட ஒரு எச்சரிக்கைதான்; வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லாமல் அளவு குறைகிறது என்றால் அது உள்ளே எங்கோ போகிறது. என் கூலன்ட் இளஞ்சிவப்பு நிறம், கியர் ஆயிலும் சிவப்பு. அதனால் தொட்டியில் படிந்திருந்த ஆயில் ஆடையைப் பல முறை பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. வெள்ளைத் துணியில் அல்லது டிஷ்யூ தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். தனிக் கூலன்ட் நீராகப் பரவும், ஆயில் வழுவழுப்பான வட்டமாக நிற்கும்.

புதிய ரேடியேட்டர் 8,900 ரூபாய். கூலன்ட் வழிகள் முழுவதையும் கழுவி, ஆயில் பட்டு உப்பியிருந்த ரப்பர் ஹோஸ்களை மாற்றியதில் 4,600. புதுப்பேட்டை கியர் பாக்ஸைப் பிரித்து, கிளட்ச் பிளேட்டுகள், சீல் கிட், பில்டர் எல்லாம் போட்டு, டார்க் கன்வெர்ட்டரைக் கோயம்புத்தூரிலேயே வெட்டித் திறந்து லாக்கப் பரப்பைப் புதிதாக ஒட்டிச் சேர்த்ததற்கு 64,000. ஆயில் மொத்தம் 14 லிட்டர், 10,500. பதினான்கு லிட்டர் எதற்கு என்று நானும் கேட்டேன். அடைப்பானைத் திறந்து வடித்தால் என் வண்டியில் மூன்றரை லிட்டர்தான் இறங்கும். மீதிப் பாதி டார்க் கன்வெர்ட்டரிலும் வழிகளிலும் தங்கிவிடும். ஒருமுறை வடித்து ஊற்றினால் பாதிதான் புதியது, இரண்டாம் முறை முக்கால் பங்கு, மூன்றாம் முறைதான் ஏறத்தாழ 87 சதவீதம். புதிதாக ஏழு லிட்டர் நிரப்பி, 300 கிலோமீட்டர் ஓட்டி மூன்றரை, மேலும் 1,000 கிலோமீட்டர் ஓட்டி இன்னொரு மூன்றரை என்று மாற்றினார், எங்காவது மிஞ்சியிருக்கும் ஈரமும் துகளும் வெளியேறுவதற்காக. வால்வ் பாடியையும் பிரித்துக் கழுவினார். வேலை முடிய ஐந்து வாரம் ஆயிற்று; அவர் அவசரப்படவில்லை, நானும் அவசரப்படுத்தவில்லை. டிசம்பர் முதல் வாரம் வண்டி கைக்கு வந்தது.

மே மாதத்திலேயே வந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று பெரியவரிடம் கேட்டேன். அப்போது பிளேட்டுகள் தாங்கியிருக்கக்கூடும் என்றும், ரேடியேட்டரும் மூன்று முறை ஆயிலும் கூலியுமாக 25,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கலாம் என்றும் சொன்னார். உறுதி சொல்லவில்லை. ஒருமுறை தண்ணீர் போனால் எப்போது உரியும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் வண்டியை விட்டேன். 1,85,110 ரூபாயில் ஆட்டோ, டாக்சி செலவையும், கூட்டுறவுக் கடனுக்கான வட்டியையும் நான் சேர்க்கவில்லை. அந்த ஏழு மாதத்தில் ஆறு முறை மட்டுமே அம்மாவைப் பார்த்தேன், மூன்று முறை பேருந்தில், முழங்கால் வீங்கி.

டிப் ஸ்டிக் பார்க்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். சில கம்பெனி வண்டிகளில் சூடான இன்ஜினை நிறுத்தி ஓரிரு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். டிப் ஸ்டிக்கே இல்லாத வண்டிகளும் உண்டு. அவற்றில் மெக்கானிக்தான் அடியிலுள்ள அளவு அடைப்பானைத் திறந்து பார்க்க முடியும். உங்கள் வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள். ஆயில் வகையிலும் கையேட்டின் சொல்லை மீறாதீர்கள். டெக்ஸ்ரான் 3, டி-4, டபிள்யூ.எஸ். என்று பல வகை உண்டு. எல்லாம் சிவப்பாகவே இருக்கும், ஆனால் உராய்வுத் தன்மை வேறு. கியர் படிகளே இல்லாத சிவிடி வகை ஆட்டோமேட்டிக் வண்டிக்கு முற்றிலும் தனி ஆயில். 'எல்லாத்துக்கும் ஒரே ஆயில்தான்' என்று டிரம்மிலிருந்து ஊற்ற வருபவரை நிறுத்துங்கள். டப்பாவைக் கண்ணால் பாருங்கள். ஆயுள் முழுவதற்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்லப்படும் ஆயிலையும், மலையும் வெயிலும் நெரிசலும் நிறைந்த நம் சாலைகளில் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவதே நல்லது என்பது என் முடிவு.

பழைய ஆட்டோமேட்டிக் வாங்கப்போகிறவர்கள், விற்பவரிடம் முன்கூட்டியே வண்டியைச் சூடாக்கி வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு அதிகாலையில் போய்ப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலிலிருந்து டி-க்கும், மீண்டும் நியூட்ரலிலிருந்து ரிவர்ஸுக்கும் மாற்றுங்கள். கியர் பிடிக்கும் மெல்லிய அசைவு ஒன்றரை விநாடிக்குள் தெரிய வேண்டும். டி-யில் பிரேக்கை அழுத்திக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும் 'ஸ்டால் டெஸ்ட்' என்ற ஒன்றைச் சிலர் செய்யச் சொல்வார்கள். ஐந்து விநாடி தாண்டினாலே ஆயில் அளவுக்கு மீறிச் சூடேறிவிடும், அதை நாமாகச் செய்யவே கூடாது. மலையேறும்போது டி-யிலேயே விட்டுவிட்டால் மூன்றுக்கும் நான்குக்கும் மாறி மாறித் தாவிச் சூடேறும். நான்காவது கியர் விழாமலிருக்க ஓவர் டிரைவ் பட்டனை அணைத்துவிடுங்கள், கொண்டை ஊசிகளில் லீவரை 2-இல் போடுங்கள். இறங்கும்போதும் 2 அல்லது எல்-இல் (லோ) வாருங்கள், நியூட்ரலில் ஒருபோதும் உருட்டாதீர்கள்.

இப்போது ரேடியேட்டரில் கடையில் வாங்கிய, கலந்தே வரும் கூலன்ட் மட்டும்தான். டிக்கியில் ஒரு லிட்டர் எப்போதும் இருக்கும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் துணியுடன் போய் டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதி, அந்தத் துணியைப் படமெடுத்து வைக்கிறேன். பட்டறையிலிருந்து வந்த பிறகு 9,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. குளிர்ந்த காலையில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஒரு சிறு இழுப்பு இருக்கிறது. புதிய சீல்கள் படிந்துவரட்டும், அதிகமானால் கொண்டுவாருங்கள் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். அதையும் நோட்டில் குறித்துவருகிறேன். சென்ற மாதம் மீண்டும் ஆயில் மாற்றியபோது, வடிந்ததில் கொஞ்சம் ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிக் காட்டச் சொன்னேன். அடியிலிருந்த பூ வேலைப்பாடு தெரியும் அளவுக்குத் தெளிவாக, சிவப்பாக இருந்தது. மறுநாள் அதிகாலையில் குன்னூருக்குப் புறப்பட்டேன்.